கழிவுநீரில் கரைந்த உலோகம்: ஒளி எவ்வளவு தூரம் காட்டும்?

ஆலைக் கழிவுநீரில் கரைந்திருக்கும் உலோகத்தை, அந்த நீர் விழுங்கும் ஒளியைக் கொண்டு அளக்க முடியுமா? இதன் வேரில் இருக்கும் அறிவியலுக்கு வயது ஏறக்குறைய முந்நூறு. 1729இல் பிரெஞ்சு அறிஞர் பியேர் பூகேர், ஊடகத்தின் தடிமனைப் பொறுத்து ஒளி ஒரு நிலையான விகிதத்தில் மங்குகிறது என்று கண்டார். 1760இல் லாம்பர்ட் அதற்குக் கணித வடிவம் கொடுத்தார். 1852இல் ஆகஸ்ட் பீர், நிறமுள்ள கரைசலில் கரைபொருளின் அளவும் இந்த மங்கலைத் தீர்மானிக்கிறது என்று காட்டினார். இவ்விதியின்படி, விழுங்கப்பட்ட ஒளியை அளந்தால் கரைந்த பொருளின் அளவு தெரிந்துவிடும். தெளிந்த நீரில், ஒரே ஒரு பொருள் கரைந்திருந்தால், இதில் ஐயமில்லை. கழிவுநீர் தெளிவாக இருப்பதில்லை, அதில் ஒரே ஒரு பொருள் இருப்பதுமில்லை. விவாதம் அங்கேதான் தொடங்குகிறது.

இக்கேள்வியை மலேசியாவின் வட சிலாங்கூரில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. கோலசிலாங்கூரில் கடலைச் சேரும் சிலாங்கூர் ஆறு, கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்த் தண்ணீரில் பாதிக்கு மேல் தருகிறது. அதன் கரைகளில் பால்மரத் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் இருக்கின்றன. மலேசியாவில் வணிக முறையில் முதன்முதலாகச் செம்பனை நடப்பட்ட தென்னமரம் தோட்டம் (1917) இங்கேதான் உள்ளது. பத்தாங் பெர்ஜுந்தை, அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றி, லம்பம் எனப்படும் வெள்ளீயச் சுரங்கங்கள் விட்டுப்போன குளங்கள் கிடக்கின்றன. மேல்பகுதியில் ரவாங் வட்டாரத்து ஆலைகள். வடக்கே, மலாயில் காம்புட் எனப்படும் கரிச்சேற்று நிலக்காடு. கீழே கம்போங் குவாந்தானின் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள், கடலோரச் சேற்றில் கெராங் சிப்பிகள். உலோகம் வரக்கூடிய வழிகளும், அதனால் கெடக்கூடியவையும், அதை அளக்கவிடாமல் தடுப்பவையும் ஒரே ஆற்றில் கூடியிருக்கின்றன.

நிறத்தை நம்பும் முறை

முதலில் எழுந்த நிலைப்பாடு எளிமையானது. பெரும்பாலான உலோகங்கள், சட்டம் கவலைப்படும் நுண்ணளவில், நீருக்குக் கண்ணுக்குத் தெரியும் நிறத்தைத் தருவதில்லை. எனவே அந்த உலோகத்தோடு மட்டும் சேர்ந்து அடர்நிறம் தரும் வேதிப்பொருளை ஊற்றி, அந்த நிறத்தை அளக்கவேண்டும். 1905இல் வேதியியலர் சுகாயெவ் நிக்கலுக்கு டைமெத்தில்கிளையாக்சைமைக் கண்டறிந்தார். 1920களில் ஜெர்மானியர் ஹெல்முட் ஃபிஷர் டைத்திசோனைப் பகுப்பாய்வுக்குக் கொண்டுவந்தார். காரீயத்தோடு அது சிவந்த சேர்மமாகிறது, 510 நானோமீட்டர் அலைநீளத்தில் அதை அளக்கலாம். துத்தநாகத்துக்கு சின்கான், இரும்புக்கு ஃபினாந்த்ரோலின் என்று பட்டியல் நீண்டது.

இவற்றில் இன்றும் உறுதியாக நிற்பது அறுமதிப்புக் குரோமியத்துக்கான டைஃபினைல்கார்பசைடு சோதனை. மாதிரி நீரைக் கந்தக அமிலத்தால் புளிப்பாக்கி, வினைபொருளைச் சேர்த்து, சில நிமிடங்கள் விட்டால் செவ்வூதா நிறம் எழும். அதை 540 நானோமீட்டரில் அளப்பார்கள். மலேசியச் சட்டம் அறுமதிப்புக் குரோமியத்துக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். இந்த அளவு குரோமியம், ஒரு சென்டிமீட்டர் அகலக் கண்ணாடிக் குப்பியில், உள்ளே செல்லும் ஒளியில் ஏறக்குறைய நூற்றுக்கு எட்டுப் பங்கைத்தான் விழுங்கும். ஐந்து சென்டிமீட்டர் குப்பியில் அது முப்பத்தைந்து பங்காகும். சட்டத்தை மீறியதா இல்லையா என்ற தீர்ப்பு அந்த எட்டுப் பங்கு மங்கலில் தொங்குகிறது. மாதிரியின் சொந்தக் கலங்கலோ பழுப்போ அதில் பாதியைத் திருடிக்கொண்டாலும் தீர்ப்பு மாறிவிடும்.

நிறமுறையின் மற்றக் குறைகளும் பழையவையே. ஒரு வினைபொருள் ஓர் உலோகத்தோடு மட்டும் சேரும் என்பது பெரும்பாலும் பாதி உண்மை. டைத்திசோன் காரீயத்தோடு மட்டுமன்றி, துத்தநாகம், காட்மியம், பாதரசம் எல்லாவற்றோடும் சேரும். அமிலத்தன்மையைச் சரிசெய்து, சயனைடு சேர்த்து மற்றவற்றை அடக்கித்தான் காரீயத்தைத் தனியே பார்க்கவேண்டும். கழிவுநீரைச் சோதிக்கக் கழிவாகும் நச்சை உண்டாக்குவது, இம்முறை ஆய்வகங்களில் பின்வாங்கியதற்கு ஒரு காரணம்.

தனித்த அணுவைத் தேடியவர்

இரண்டாவது நிலைப்பாடு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. மெல்பர்னில் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனத்தில் பணியாற்றிய ஆலன் வால்ஷ், 1950களின் தொடக்கத்தில் ஒரு கேள்வி எழுப்பினார். மூலக்கூறுகளை ஆராய்வோர் அவை விழுங்கும் ஒளியைப் பார்க்கிறார்கள், அணுக்களை ஆராய்வோர் மட்டும் ஏன் அவை உமிழும் ஒளியையே பார்க்கிறார்கள்? 1955இல் அவர் வெளியிட்ட கட்டுரை அணு உட்கவர் நிறமாலையியலுக்கு அடிப்படையிட்டது. மாதிரியைச் சுவாலையில் தெளித்து உலோகத்தைத் தனித்த அணுக்களாக்கவேண்டும். அதே உலோகத்தால் செய்த விளக்கின் ஒளியை அதன் ஊடே அனுப்பவேண்டும். காட்மிய விளக்கு காட்மியத்துக்கே உரிய 228.8 நானோமீட்டர் ஒளியை வீசும், அதைக் காட்மிய அணு மட்டுமே கணிசமாக விழுங்கும். துத்தநாகத்துக்கு 213.9, செம்புக்கு 324.7. நிறம் தரும் வினைபொருளைத் தேடும் சிரமம் இதில் இல்லை.

இதன் மீது பல திருத்தங்கள் வந்தன. லெனின்கிராடில் போரிஸ் லிவோவ் சுவாலைக்குப் பதில் கிராஃபைட் உலையைப் பயன்படுத்தி, சில துளி மாதிரியிலேயே மிக நுண்ணிய அளவுகளைக் காட்டினார். பாதரசத்துக்குச் சூடே வேண்டாம், அறை வெப்பத்திலேயே அதன் ஆவியை 253.7 நானோமீட்டரில் அளக்கலாம் என்ற முறை 1968இல் பரவியது. ஜப்பானின் மினமாட்டாவில் பாதரச நஞ்சு மக்களைத் தாக்கியதற்குப் பிந்திய உலகில் அதற்குப் பெருந்தேவை இருந்தது. ஆர்செனிக்கை ஹைட்ரைடு வாயுவாக்கிப் பிரித்தெடுக்கும் முறையும் அதே காலத்தது.

இதற்கும் எல்லை உண்டு, அந்த எல்லை வட சிலாங்கூரில் நன்றாகத் தெரிகிறது. இவ்வட்டாரத்தின் பழைய செல்வம் வெள்ளீயம். அதுவே சாதாரணக் காற்று-அசிட்டிலீன் சுவாலையில் மிக மோசமாக விடை தரும் உலோகங்களில் ஒன்று. மலேசியக் கழிவுநீர் விதிகளில் கடுமையானதான ஏ தரம் வெள்ளீயத்துக்கு வைக்கும் வரம்பு லிட்டருக்கு 0.20 மில்லிகிராம்; அதை நம்பிக்கையோடு அளக்க உலையோ ஹைட்ரைடு முறையோ வேண்டும். வெள்ளீயத் தாதுவோடு கூடி வரும் ஆர்செனிக்கின் கதையும் அப்படியே. அதன் 193.7 நானோமீட்டர் ஒளியைச் சுவாலையே விழுங்கிவிடுகிறது.

1980களிலிருந்து பெரிய ஆய்வகங்கள் பிளாஸ்மா கருவிகளுக்கு மாறிவருகின்றன. அவை பல உலோகங்களை ஒரே ஓட்டத்தில் அளக்கும், ஆனால் உட்கவர்வை அல்ல, உமிழ்வையோ அணுவின் நிறையையோ அளக்கும். உட்கவர்வின் காலம் முடிந்தது என்போர் இதைத்தான் காட்டுகிறார்கள். பெரிய ஆய்வகத்துக்கு அந்த வாதம் பொருந்தும். ஓர் ஆலைக்கு நாள்தோறும் தெரியவேண்டியது ஒரே ஓர் உலோகம் என்றால் பொருந்தாது.

சட்டம் எதைக் கேட்கிறது

எந்த முறை போதும் என்பதை முடிவுசெய்வது அறிவியல் மட்டுமன்று, சட்டத்தின் எண்களும்தான். 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் வந்த 2009ஆம் ஆண்டுத் தொழிற்சாலைக் கழிவுநீர் ஒழுங்குமுறை, நீர் எடுப்பு நிலையங்களுக்கு மேலே உள்ள ஆலைகளுக்கு ஏ தரத்தையும் மற்றவற்றுக்கு பி தரத்தையும் விதிக்கிறது. காரீயம் ஏ தரத்தில் லிட்டருக்கு 0.10 மில்லிகிராம், பி தரத்தில் 0.5. செம்பும் நிக்கலும் 0.20, 1.0. காட்மியம் 0.01, 0.02. பாதரசம் 0.005, 0.05.

இந்தப் பிரிப்பு குடிநீரைக் காக்கிறது, அது சரியே. ஆனால் எடுப்பு நிலையங்கள் பெஸ்தாரி ஜெயா பக்கம் இருக்கின்றன. மின்மினிகளும் கெராங் படுகைகளும் அவற்றுக்குக் கீழே இருக்கின்றன. அப்பகுதி பொதுவாக பி தரத்தில் விழும். ஐந்து மடங்கு செம்பை அங்கே சட்டமே அனுமதிக்கிறது. சிப்பிகளின் லார்வாக்கள் செம்பைத் தாங்கும் திறன் குறைந்தவை என்பது கடல் உயிரியலில் நெடுநாளாக அறியப்பட்டது. பி தரத்தின் எண்களை எளிதாக அளக்கலாம் என்பதால், அந்த எண்கள் பாதுகாப்பானவை என்று ஆகிவிடாது.

தோட்டங்களின் நிலை வேறு. செம்பனை ஆலைக்கென 1977இலும், ரப்பர் பதனீட்டு ஆலைக்கென 1978இலும் தனி ஒழுங்குமுறைகள் வந்தன. அந்நாளில் ஆறுகளைக் கொன்றது உலோகமல்ல, கரிமக் கழிவு. சுத்திகரிக்கப்படாத செம்பனை ஆலைக் கழிவின் உயிரியல் ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் வரை செல்லும். அதைக் கட்டுப்படுத்தியது பெரிய வெற்றி. ஆனால் செம்பனை ஆலைக்கான அளவுருப் பட்டியலில் உலோகங்கள் இடம்பெறவில்லை, ரப்பர் விதிகளும் கரிமச் சுமையையே மையமாகக் கொண்டவை. அடர்த்தியாக்கிய ரப்பர் பாலைக் கெடாமல் வைக்கத் துத்தநாக ஆக்சைடு சேர்க்கப்படுகிறது, கையுறை ஆலைகளில் பாலைக் கடினமாக்கவும் அதுவே பயன்படுகிறது. காம்புட் மண்ணில் நட்ட செம்பனைக்குச் செம்பு பற்றாமல் ஓலை மஞ்சளிப்பதால் செம்புச் சல்ஃபேட்டு இடுகிறார்கள். பாறைப் பாஸ்பேட்டு உரத்தில் சிறிதளவு காட்மியம் உண்டு. முந்தைய தலைமுறையில் ரப்பர் தோட்டங்களில் களைக்கொல்லியாகத் தெளித்தது சோடியம் ஆர்செனைட். அதைத் தோளில் சுமந்து தெளித்தவர்கள் நம் தோட்டப் பாட்டாளிகள். அந்த ஆர்செனிக்கில் எவ்வளவு அங்கேயே மண்ணில் தங்கியிருக்கிறது என்ற கேள்விக்குத் தோட்ட நீரின் வழக்கமான கண்காணிப்பு பதில் சொல்லும்படி அமைக்கப்படவில்லை.

பழுப்பு நீரின் சிக்கல்

உட்கவர்வு முறைகளைப் பற்றிய நூல்கள் குறுக்கீடுகளை ஒரு பத்தியில் சொல்லி நகர்ந்துவிடும். வட சிலாங்கூரில் அந்தப் பத்திதான் முழுக் கதை. ராஜா மூசா, சுங்கை காராங் காம்புட் காட்டுப் பகுதிகளிலிருந்து வடியும் நீர் தேநீரின் நிறத்தில் இருக்கும். மக்கிய மரங்களின் ஹ்யூமிக் அமிலங்கள் அந்த நிறத்தைத் தருகின்றன. அவை புற ஊதா ஒளியையும் நீல ஒளியையும் வன்மையாக விழுங்கும், அலைநீளம் கூடக் கூடக் குறைவாக விழுங்கும். இதனால் ஒரே நீரில் சோதனைக்குச் சோதனை பிழை வேறுபடும். 620 நானோமீட்டரில் அளக்கப்படும் துத்தநாகச் சோதனை ஓரளவு தப்பிக்கும், 460 நானோமீட்டரை ஒட்டி அளக்கும் செம்புச் சோதனை மாட்டிக்கொள்ளும். குளங்களில் சுத்திகரித்து வெளியேறும் செம்பனை ஆலை நீரும் பழுப்பே. லிக்னினும் அதைச் சார்ந்த நிறப்பொருள்களும் எளிதில் சிதைவதில்லை.

வழக்கமான தீர்வு, வினைபொருள் சேர்க்காத அதே நீரை வெற்று மாதிரியாக வைத்து, அதன் உட்கவர்வைக் கழித்துவிடுவது. நிறத்துக்கு இது போதும். ஆனால் ஹ்யூமிக் அமிலங்கள் நிறத்தோடு நிற்பதில்லை. அவை செம்பை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. அப்படிப் பிடிபட்ட செம்பு வினைபொருளுக்குக் கிடைக்காமல் போகலாம், சோதனை குறைவாகக் காட்டலாம். அறுமதிப்புக் குரோமியத்தின் நிலை இன்னும் கடினம். புளிப்பான நிலையில் கரிமப் பொருள்கள் அதை மும்மதிப்புக் குரோமியமாக மாற்றிவிடும். டைஃபினைல்கார்பசைடு சோதனையோ புளிப்பான நிலையிலேயே நடக்கிறது. தேட வந்த பொருளைச் சோதனைக் குப்பியிலேயே மாதிரி அழித்துவிடக்கூடும். தெரிந்த அளவு குரோமியத்தை மாதிரியில் சேர்த்து, அது முழுதாகத் திரும்பக் கிடைக்கிறதா என்று பார்க்காத எந்த எண்ணையும் காம்புட் நீரில் நம்பக்கூடாது என்பதே இக்கட்டுரையின் உறுதியான கருத்து.

அணு உட்கவர்வு இந்தச் சிக்கலில் பெரும்பகுதியைத் தாண்டுகிறது. நைட்ரிக் அமிலத்தில் மாதிரியைச் செரிக்கவைத்தால் கரிமம் எரிந்துபோகும், பிடிபட்ட செம்பும் விடுபடும். ஆனால் அப்போது கிடைப்பது மொத்தச் செம்பு. உயிர்களுக்கு நஞ்சாவது பெரும்பாலும் விடுபட்ட அயனி. நிறமுறை குறைவாகக் காட்டினாலும் ஒருவகையில் உயிர் சந்திக்கும் அளவுக்கு அருகில் இருக்கக்கூடும் என்று வாதிடுவோர் உண்டு. இவ்வாதத்தை முழுதாக ஏற்க முடியாது, வினைபொருள் பறித்தெடுக்கும் வலிமையும் சிப்பியின் செவுள் பறித்தெடுக்கும் வலிமையும் ஒன்றல்ல. தள்ளிவிடவும் முடியாது.

கழிமுகத்தில் உப்பு வேறு சேர்கிறது. கிராஃபைட் உலையில் குளோரைடு காட்மியத்தையும் காரீயத்தையும் அளவீட்டுக்கு முன்பே ஆவியாக்கிக் கொண்டுபோய்விடும், உப்புப்புகை ஒளியைச் சிதறடித்துப் பொய்யான உட்கவர்வைக் காட்டும். அம்மோனியம் நைட்ரேட் சேர்த்து உப்பை முன்கூட்டியே விரட்டுவதும், டியூட்டீரியம் விளக்கால் பின்னணியைத் திருத்துவதும் இதற்கான வழிகள். வழிகள் இருந்தாலும், ஓதம் ஏறும் ஆற்றில் ஒரே இடத்து நீர் காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறாகவும் இருக்கும்.

லம்பக் குளங்களும் 2014உம்

2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கடும் வறட்சி. சிலாங்கூரில் தண்ணீர்ப் பங்கீடு. ஆற்றின் வரத்தைக் கூட்ட, பெஸ்தாரி ஜெயாவின் லம்பக் குளத்து நீரை மாநில அரசு பயன்படுத்தியது. கன உலோகங்கள் இருக்குமே என்று எதிர்ப்பு எழுந்தது, நீர் சோதிக்கப்பட்டுப் பாதுகாப்பானதென உறுதியாயிற்று என்று அரசு தரப்பு சொன்னது. இவ்வட்டாரத்துப் பழைய ஈயச் சுரங்க நிலங்களில் உலோகங்கள் பரவியிருப்பதை மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதற்கு முன்பே எழுதியிருந்தார்கள்.

இரு தரப்பும் உண்மையே சொல்லியிருக்கலாம். ஆழமான குளத்தின் மேல்நீரில் உலோகம் குறைவாகவும் அடிச்சேற்றில் மிகுதியாகவும் இருப்பது வழக்கம். மேல்நீரை மொண்டு அளந்தால் பாதுகாப்பு தெரியும். ஆக்சிஜன் குன்றிய அடிநீரைக் கலக்கினால் இரும்பும் மாங்கனீசும், அவற்றோடு ஒட்டியிருக்கும் ஆர்செனிக்கும் விடுபடும். அந்த விவாதத்தில் குறைவாகப் பேசப்பட்டது கருவியின் நுட்பமல்ல, எந்த ஆழத்தில், எந்தப் பருவத்தில், இறைப்பு தொடங்குமுன்னா பின்னா மாதிரி எடுத்தார்கள் என்பது.

மாதிரி எடுப்பதிலேயே முடிவு கெடும் சின்னச் சின்னக் காரணங்களும் உண்டு. புட்டியில் நைட்ரிக் அமிலம் இட்டுப் பிஎச் 2க்குக் கீழே கொண்டுவராவிட்டால் காரீயம் புட்டியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், கருவி இல்லை என்று சொல்லும். ஆனால் அறுமதிப்புக் குரோமியத்துக்கான புட்டியில் அமிலம் இடக்கூடாது. வடிகட்டியபின் அமிலம் இட்டால் கரைந்த உலோகம் கிடைக்கும், முன்பே இட்டால் சேற்றில் ஒட்டியிருந்ததும் சேர்ந்து வரும். இரண்டுக்கும் இடையில் பல மடங்கு வேறுபாடு வரலாம்.

நீரை விட்டுச் சேற்றையும் சிப்பியையும் பார்ப்போர்

ஆற்றுநீர் கடந்துபோய்விடும், நள்ளிரவில் திறந்துவிட்ட கழிவை மறுநாள் காலை மாதிரி காட்டாது. எனவே படிவையும் உயிர்களையும் அளக்கவேண்டும் என்பது மூன்றாவது நிலைப்பாடு. தீபகற்பத்தின் மேற்குக் கரையில் பச்சைச் சிப்பியை உலோகக் காட்டியாக வைத்து, மலேசியப் புத்ரா பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் ஆய்வு நடந்திருக்கிறது. சிப்பி மாதக்கணக்கில் நீரை வடிகட்டி உலோகத்தைச் சேர்த்துவைக்கிறது. அதைச் செரித்துக் கரைசலாக்கியபின் அளப்பதற்கும் பெரும்பாலும் அணு உட்கவர்வே உதவியது என்பதால், இது ஒளிமுறைக்கு எதிரான நிலைப்பாடல்ல, அதை எங்கே திருப்பவேண்டும் என்பது பற்றியது. இதன் குறை, குற்றவாளியை அடையாளம் காட்டாமை. சிப்பியில் துத்தநாகம் ஏறியிருக்கிறது என்றால் அது கையுறை ஆலையா, தகரக்கூரை வழியும் மழைநீரா என்று சிப்பி சொல்லாது.

கையில் எடுத்துப்போகும் கருவிகள்

அண்மைப் போக்கு பழைய நிறமுறைக்கே திரும்பியிருக்கிறது. 2007இல் ஹார்வர்டில் வைட்சைட்ஸ் குழு காட்டிய காகிதச் சோதனைத் தாள்களும், கைப்பேசிக் கேமராவால் நிறத்தை அளக்கும் செயலிகளும், எல்இடி விளக்கு வைத்த சிறு ஒளிமானிகளும் ஆய்வகத்தை ஆற்றங்கரைக்குக் கொண்டுவருவதாகச் சொல்கின்றன. வங்காளதேசத்தின் கிணறுகளில் ஆர்செனிக் சோதனைப் பெட்டிகள் பெருமளவில் பயன்பட்டது இவர்களுக்கு வலுவான சான்று. அங்கே பெட்டிகள் சில கிணறுகளைத் தவறாக வகைப்படுத்தின என்பதும் பதிவானதே. ஆயினும் எதையும் அளக்காமல் இருப்பதைவிட அது பல உயிர்களுக்கு நன்மை செய்தது.

இங்கே நடைமுறை என்னவென்றால், ஆலையே தன் கழிவுநீரைச் சோதித்து மாதந்தோறும் சுற்றுச்சூழல் துறைக்கு அறிக்கை அனுப்பவேண்டும். மாதத்துக்கு ஒரு துல்லியமான எண்ணா, நாளுக்கு ஒரு தோராயமான எண்ணா என்று கேட்டால், பெரும்பாலான கழிவுநீர்க் குழாய்களுக்கு இரண்டாவதே பயன் மிக்கது. மலிவுக் கருவி ஐயத்தை எழுப்பவேண்டும், அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் அதை உறுதிசெய்யவேண்டும். நீதிமன்றத்தில் நிற்கவேண்டியது பின்னதே.

எச்சரிக்கை ஒன்று. 2020 செப்டம்பரில் ரவாங்கின் சுங்கை கோங்கில் கலந்த கழிவால் நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன, ஏறக்குறைய பன்னிரண்டு இலட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. அதைக் காட்டிக்கொடுத்தது கரைப்பானின் நாற்றம். உலோகத்துக்கென வைத்த எந்த ஒளிமானியும் அன்று அமைதியாகவே இருந்திருக்கும்.

இன்னும் திறந்திருப்பவை

ஒளி உட்கவர்வால் கழிவுநீரின் உலோகத்தை அளக்க முடியுமா என்ற மூலக்கேள்வி, அணு உட்கவர்வைப் பொறுத்தவரை, முடிந்துபோனது. ஏ தரத்தின் மிகக் கடுமையான எண்களையும் உரிய முறையில் எட்டலாம். நிறமுறையைப் பொறுத்தவரை அது நீருக்கு நீர் மாறும். ஓர் உலோகம் மட்டும் ஓடும் முலாம் பூசும் ஆலையின் வாயிலில் அதை நம்பலாம். காம்புட் நீரிலும் செம்பனைக் குளத்திலும் அதன் மதிப்பு இன்னும் சோதிக்கப்படவேண்டியது.

முடிவாகாதது, எதை இயல்பு என்று வைப்பது என்பது. காம்புட் நீர் இயற்கையிலேயே இரும்பைச் சுமக்கிறது, ஈயம் தோண்டிய மண் மனிதர் வருமுன்பே ஆர்செனிக்கைச் சுமந்தது. தோட்டத்து உரமும் ஆலைக் கழிவும் அதன்மேல் எவ்வளவு சேர்த்தன என்று பிரித்துக் காட்ட, ராஜா மூசா பக்கத்து வாய்க்கால்களிலும், கைவிட்ட லம்பங்களின் அடிநீரிலும், கம்போங் குவாந்தானின் ஓதத்திலும், மழைக்காலம் வறட்சி இரண்டையும் தழுவி, ஒரே முறையில் தொடர்ந்து எடுத்த மாதிரிகள் வேண்டும். பி தரத்தின் செம்பு வரம்பை ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு மறுபடி பரிசீலிக்கவேண்டுமா என்பதும், செம்பனை, ரப்பர் விதிகளில் துத்தநாகமும் செம்பும் சேர வேண்டுமா என்பதும் அந்த மாதிரிகள் கைக்கு வந்தபின்தான் நேர்மையாகப் பேசக்கூடியவை.